மந்திரி என்பது எந்தக் காய்

சொரிமுத்துவுக்கு யார் மேலும் விரோதம் கிடையாது. சந்தேகம் மட்டும் உண்டு. அதையும் அவன் ஆள் பார்த்துப் படுவதில்லை. சாதி, மதம், கட்சி பேதமின்றி எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைப்பான். கல்லூரி கேன்டீனில் பருப்பு வடை வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால், உள்ளே என்னத்தைப் போட்டார்கள் என்று பிட்டுப் பார்ப்பான். வாத்தியார் சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் வந்தால், இன்றைக்குப் பரீட்சை என்பான். இரண்டாவது விஷயத்தில் அவன் சொன்னது பலமுறை பலித்திருந்ததால், வடை விஷயத்திலும் அவனை யாரும் முற்றாகத் தள்ளிவிடவில்லை.

இப்படிப்பட்டவனுக்குச் சதுரங்கம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் நம்மைக் கவிழ்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் விளையாட்டு அது ஒன்றுதான். மற்ற இடங்களில் பாடுபட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதியை அங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம், துலாமாத மழைக்காலம். திருவனந்தபுரத்தில் ஒரு வாசகசாலையின் மாடியில் ஜில்லா அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பந்தயம் நடந்தது. நாலு சனிக்கிழமை, நாலு ஞாயிற்றுக்கிழமை. நாளுக்கு ஓர் ஆட்டம். முதல் மூன்று இடத்தில் வருகிறவர்கள் ஜில்லாவின் பேரில் கோழிக்கோட்டுக்குப் போய் பத்து நாள் ஆடலாம். கோப்பையும் மாலையும் சொரிமுத்துவுக்கு வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு வேண்டியது அட்டெண்டன்ஸ்.

பரீட்சைக்கு உட்கார எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். அவனுடையது அறுபத்தொன்பதில் நொண்டிக்கொண்டு நின்றது. காரணம், நகரத்தில் ஒரு நூலகத்தில் இருந்த ஒரே ஒரு நல்ல சதுரங்கப் புத்தகம். அதை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும், அதுவும் வேலைநாளில் பத்து முதல் ஐந்து வரை. அதே நேரத்தில் கல்லூரியையும் திறந்து வைத்தது கல்லூரிக்காரர்களின் தப்பு என்பது அவன் கட்சி. ஜில்லா அணியில் போனால் பத்து நாளும் வருகையாகக் கூட்டிக்கொள்வார்கள், எழுபத்தைந்தைத் தாண்டிவிடலாம். வருகைக் குறைவுக்குப் பிரின்சிபாலிடம் மன்னிப்பு வாங்கலாமே என்றால், மன்னிப்பு ஒருவனுக்கு ஒரு தடவைதான். அதை அவன் முதல் வருஷமே செலவழித்துவிட்டான்.

அவன் அப்பா வன்னியபெருமாள், சாலை பஜாரில் ஒரு தானிய மொத்தக் கடையில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதுகிறவர். விஷயம் தெரிந்ததும் அவர் சத்தம் போடவில்லை. அதுவே மோசமான அறிகுறி.

"பரீட்சை எழுத விட்டாம்னா எழுது," என்றார். "விடலைன்னா திங்கக்கிழமை கடைக்கு வந்து நில்லு. முதலாளிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"எப்பச் சொன்னிய?"

"நீ காலேஜிலே சேர்ந்த அன்னைக்கு."

ஆக, சொரிமுத்து மாடிப்படி ஏறியது கடைக்குத் தப்பித்துத்தான்.

ஏழு ஆட்டம் முடிந்தபோது நிலவரம் இது. முதலிடத்தில் ஸ்ரீகண்டன். கரமனை அக்ரஹாரத்துப் பையன், சட்டம் படிப்பவன், வெள்ளைச் சட்டைக் காலர் கசங்காமல் ஆடுபவன். கடைசி ஆட்டத்தில் தோற்றாலும் அவன் முதலிடத்தை யாரும் அசைக்க முடியாது. சொரிமுத்துவோ, அந்தக் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் மூன்றாவது. சமன் செய்தால் நாலாவது. அந்தக் கடைசி ஆட்டம் ஸ்ரீகண்டனோடு.

ஸ்ரீகண்டன் நன்றாக ஆடுகிறான் என்பதைச் சொரிமுத்து ஒத்துக்கொண்டான். ஏன் நன்றாக ஆடுகிறான் என்பதில்தான் அவனுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குச் சூடாமணி மாமா என்று பெயர்.

சூடாமணி ஸ்ரீகண்டனின் அம்மாவுக்குத் தம்பி. செக்ரட்டேரியட்டில் உத்தியோகம். எட்டு நாளும் தவறாமல் வந்தார். கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால், கறுப்புக் குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு மருமகனுக்குப் பின்னால் நிற்பார். நின்று, பலகையைப் பார்க்க மாட்டார். மச்சைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவர் காதில் ஏதோ முணுமுணுப்பார், இருமுவார். ஆட்டம் பார்க்க வந்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்காமல் நிற்கிறவன் எதற்கு வந்தான்? இந்த ஒரு கேள்வியிலிருந்து சொரிமுத்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பிவிட்டான்.

கடைசி ஞாயிறு காலை, வாசகசாலைக்கு எதிர்ச் சாயாக்கடையில் அந்த நோட்டை வேலாயுதனிடம் காட்டினான். வேலாயுதன் அவன் வகுப்புத் தோழன். இரண்டாவது வாரமே பந்தயத்தில் அடிவாங்கி, அதன்பிறகு நிம்மதியாக வேடிக்கை பார்ப்பவன்.

"இதைப் படி. ரெண்டாம் சனி, பத்தே நாப்பது. மாமா குடையை மடக்கினார். மூணாம் ஞாயிறு, பதினொண்ணு பத்து. மாமா மூக்கைச் சிந்தினார்."

"ஜலதோஷமாயிருக்கும்டே."

"பதினொண்ணு பன்னெண்டுக்கு ஸ்ரீகண்டன் குதிரையை எடுத்தான்."

"எந்தக் குதிரை?"

"அது எழுதலை. ஆனா எடுத்தான்."

வேலாயுதன் ஒரு மடக்கு சாயா குடித்தான். "எடா, நினக்கு ஆகெ பிராந்தாணு, முழுப் பைத்தியம். இந்த ஆளு மூக்கு சிந்தினா ஜெயிக்கலாம்னா, ஜில்லா அணியிலே மூக்கைத்தான் எடுக்கணும்."

"சிரி. நீயும் ரெண்டு நாளா அவர் பக்கத்திலேதான் நிக்கே. நான் கவனிக்கலைன்னு நெனச்சியா?"

வேலாயுதன் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் தன் பெயரும் இருப்பதைக் கண்டு எழுந்து போனான்.

ஆட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. இங்கே பெயர் விவகாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பந்தயத்தில் எல்லாரும் காய்களை இங்கிலீஷில்தான் சொல்வார்கள்: க்வீன், ரூக், பிஷப். வீட்டுப் பெயர் என்று ஒன்று அவரவருக்கு உண்டு. அது வெளியே வராது. சொரிமுத்து ஆட்டம் கற்றது சாலைக் கடையின் பின்கட்டில், தென்காசிப் பக்கத்துச் சுமைக்காரர்களிடம். அங்கே மூலையில் நிற்பது யானை, அடுத்து குதிரை, அதற்கடுத்து மந்திரி, நடுவில் ராஜாவும் ராணியும். இங்கிலீஷில் பிஷப் என்கிறார்களே, அதுதான் அவனுடைய மந்திரி. உலகம் முழுக்க அப்படித்தான் என்று அவன் நம்பியிருந்தான். அவன் சந்தேகப்படாத விஷயங்கள் மிகவும் குறைவு. அதில் இது ஒன்று.

முதல் இரண்டு மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டே காலுக்குப் பலகையில் காய்கள் குறைந்து, ஸ்ரீகண்டன் கன்னத்தில் கையை வைத்து யோசித்துக்கொண்டிருந்தான். வெளியே மழை பிடித்தது. அப்போது கயிற்றுக்கு அப்பாலிருந்து சூடாமணி மாமாவின் குரல், காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு கொஞ்சம் உரக்கவே வந்தது:

"மந்திரி இனிமே அங்கே இருக்கப்பிடாது. இன்னிக்கே எடம் மாறியாகணும். இல்லேன்னா எல்லாம் போச்சு."

சொரிமுத்து நாற்காலி நுனிக்கு வந்தான். எட்டு நாள் தவத்துக்குச் சாமி பிரத்தியட்சமான மாதிரி. ஸ்ரீகண்டனின் மந்திரியைப் பார்த்தான், அதாவது பிஷப்பை. இப்போது அதை நகர்த்துவான், பார்.

ஸ்ரீகண்டன் கை நீட்டினான். நகர்த்தியது ராணியை.

வேறொருவனாக இருந்தால், சரி, மாமா வேறெதையோ பேசியிருக்கிறார் என்று விட்டிருப்பான். சொரிமுத்துவுக்கோ இது சூழ்ச்சியின் ஆழத்தைத்தான் காட்டியது. ஒரு காயைச் சொல்லி இன்னொரு காயை நகர்த்துகிற அளவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பலகையைக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கினான்.

நடுவர் ஞானசிகாமணி வந்தார். பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்குக் கோயில் ஆராதனையை முடித்துவிட்டு வருவதால், அந்த வெள்ளை உடுப்போடேயே நிற்பார். விஷயத்தைக் கேட்டு, கடிகாரத்தை நிறுத்தினார்.

"வாயாலே சொன்னா காத்துலே போயிரும் மக்கா. எழுதித் தா."

சொரிமுத்து எழுதினான். 'எதிராளியின் மாமா, மந்திரியை இடம் மாற்றும்படி எதிராளிக்கு யோசனை சொன்னார்' என்று எழுதி, கையெழுத்திட்டு, ஆதாரமாக நாற்பது பக்க நோட்டையும் சேர்த்துக் கொடுத்தான். மூலையிலிருந்த மேசையில் விசாரணை கூடியது.

"நீ சொல்லு," என்றார் ஞானசிகாமணி, ஸ்ரீகண்டனிடம். "மாமா சொன்னது காதிலே விழுந்துதா?"

"விழுந்தது சார்."

"மந்திரின்னா எது?"

"எங்காத்துலே மந்திரீன்னா க்வீனாக்கும். ஆனை பிஷப்பு, தேர் ரூக்கு."

சொரிமுத்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "அதெப்படி சார்? மந்திரின்னா பிஷப். யானைதான் ரூக்கு. மூலையிலே நிக்கிறது யானை."

"மூலையிலே யாராவது ஆனையைக் கட்டுவாளா?" என்றான் ஸ்ரீகண்டன். "தேரைத்தான் நிறுத்துவா."

"உங்க தெருவிலே நிறுத்துவீங்க. எங்க கடையிலே யானைதான்."

"சண்டை வேண்டாம்," என்றார் ஞானசிகாமணி. "எங்க சபையிலே பிஷப்பு ஒருத்தர்தான். இங்கே நாலு. நான் அதையே இன்னும் முழுசா ஒத்துக்கிடல. சூடாமணி சார், நீங்க சொல்லுங்க. எந்தக் காயைச் சொன்னீங்க?"

சூடாமணி மாமா ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார்.

"காயா? நான் மந்திரியைச் சொன்னேன். எங்க டிப்பார்ட்மெண்ட் மந்திரி. கார்லே போவாரே, அவர். கட்சி மாறலேன்னா இன்னிக்குச் சாயங்காலம் பதவி போயிடும்னு பேச்சு. என் பிரமோஷன் ஃபைல் அவர் மேஜையிலே மூணு மாசமா கெடக்கு."

"அப்போ ஆட்டத்தைப் பத்தி...?"

"எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. இங்கே ஃபேன் இருக்கு, கீழே பேப்பர் இருக்கு. ஆத்திலே ரெண்டும் கிடையாது."

நடுவர் மூன்று வாக்குமூலங்களையும் தனித்தனித் தாளில் எழுதி, மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒரு சொல்லுக்கு மூன்று பேர் மூன்று பொருள் சொன்ன இடத்தில் கோர்ட்டாக இருந்தால் மூன்று வருஷம் வாய்தா போட்டிருக்கும். ஞானசிகாமணி ஐந்து நிமிஷத்தில் தீர்த்தார்.

"புகாரிலே என்ன எழுதியிருக்கு? மந்திரியை மாத்தச் சொன்னார்னு. எழுதினது சொரிமுத்து, அவன் பாஷையிலே மந்திரின்னா பிஷப். பிஷப்பு நகர்ந்துதா? இல்ல. புகார் தள்ளுபடி."

"சார், அப்போ மந்திரிங்கிறதை அடிச்சிட்டு ராணின்னு எழுதித் தாரேன்."

"அடிச்சுத் திருத்தினா செல்லாது."

பிறகு நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. "'மாமா குடையை மடக்கினார். ஆபத்து என்று நான் கோட்டை கட்டினேன்.' 'மாமா இருமினார். நான் குதிரையைப் பின்னுக்கு எடுத்தேன்.'" கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். "எடே, எட்டு நாளா இந்த ஆளு சொல்படி ஆடினது நீயாக்கும். இதை வச்சு யாராவது புகார் தந்தா உன்னையில்லா வெளியே அனுப்பணும். போ, போய் ஆடு."

சொரிமுத்து திரும்பி வந்து உட்கார்ந்தான். அப்போதுதான், அரை மணி நேரத்துக்குப் பிறகு, பலகையைப் பார்த்தான்.

ஸ்ரீகண்டனின் ராணி பழைய இடத்தில் இருந்தவரை அவனுடைய கடைசி வரிசைக்கு இரட்டைக் காவல் இருந்தது. அது நகர்ந்ததும் ஒற்றைக் காவல்தான் மிச்சம்: ஒரு யானை, அதாவது சொரிமுத்து கணக்கில் ரூக். ராஜாவோ தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால், அறைக்குள் பூட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். சொரிமுத்து தன் ராணியைக் கொண்டுபோய் அந்தக் கடைசி வரிசையில் போட்டால், ஸ்ரீகண்டனின் யானை அதை வெட்டியாக வேண்டும், வேறு வழியில்லை. வெட்டிய யானையைச் சொரிமுத்துவின் யானை வெட்டினால், ராஜாவுக்கு நகர இடம் கிடையாது. இரண்டே நகர்த்தல். ஆட்டம் முடிந்தது. மூன்றாமிடம், கோழிக்கோடு, பத்து நாள், எழுபத்தைந்து சதவீதம்.

கை ராணியின் தலைக்கு மேலே வந்துவிட்டது. அப்போது ஸ்ரீகண்டன், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, கயிற்றுப் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"மாமா, பொறப்படலாம். இப்போ முடிஞ்சுடும்."

கை நின்றது.

தோற்கப் போகிறவன் சாய்ந்து உட்காருவானா? 'முடிஞ்சுடும்' என்று சிரித்த முகமாகச் சொல்வானா? சொரிமுத்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மறுபடி கணக்குப் போட்டான். ராணி போகும், யானை வெட்டும், என் யானை வெட்டும், செக்மேட். சரியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதுதான் உதைத்தது. எட்டு நாளாக யாருக்கும் ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா தராதவன், என்னிடம் மட்டும் ராஜாவையே தட்டில் வைத்து நீட்டுவானேன்? அதுவும் விசாரணை முடிந்த கையோடு? இவன் இந்த ராணியை நகர்த்தியதே நான் என் ராணியைக் கொடுக்க வேண்டும் என்றுதானோ? ராணியைக் கொடுத்தபின் ஏதாவது கோணலாகிவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

பதினோரு தடவை கணக்குப் போட்டான். பதினோரு தடவையும் அவன்தான் ஜெயித்தான். ஒவ்வொரு தடவை ஜெயித்தபோதும் பயம் ஒரு பிடி கூடியது. கடிகாரத்தில் முப்பத்தொரு நிமிஷம் கரைந்தது. கயிற்றோரம் நின்ற வேலாயுதன் முகத்தைத் தற்செயலாகப் பார்த்தான். அவன் கண் பிதுங்க ராணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதோடு தீர்ந்தது. இவனும் அந்தக் கூட்டம்தான்.

சொரிமுத்து மிகுந்த எச்சரிக்கையோடு, தன் ராஜாவுக்குப் பக்கத்திலிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான்.

ஸ்ரீகண்டன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். சிப்பாயைப் பார்த்தான், சொரிமுத்துவைப் பார்த்தான், மறுபடியும் சிப்பாயைப் பார்த்தான். பிறகு, யாராவது மனசு மாறுவதற்குள் என்கிற அவசரத்தில், தன் ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயைத் தள்ளி மூச்சுவிட ஒரு ஜன்னல் திறந்தான். கதவு சாத்தியாயிற்று. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் காய்களை வெட்டி வெட்டி, கடைசியில் இரண்டு ராஜாவும் ஆளுக்கொரு சிப்பாயும் மிஞ்சினார்கள். சமன். சொரிமுத்து நாலாவது.

மழை விடவில்லை. வாசகசாலைப் படிக்கட்டில் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். சூடாமணி மாமா ரேடியோச் செய்தி கேட்கும் அவசரத்தில் குடையோடு முதலிலேயே போய்விட்டார். ஸ்ரீகண்டன் சொரிமுத்துவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏண்டா போடலை?"

"எதை?"

"க்வீனை. கடைசி வரிசையிலே. நான் செத்தாச்சுன்னு நெனச்சுண்டு உக்காந்திருந்தேன்."

சொரிமுத்து மழையைப் பார்த்தான். "அப்புறம் ஏன் சாஞ்சு உக்காந்தே?"

"செத்தவன் நிமிந்தா உக்காருவான்? எனக்கோ ஃபர்ஸ்ட் நிச்சயமாயாச்சு. நீ ஜெயிச்சாக்க நம்ம ஊர்க்காரா ரெண்டு பேர் ஒண்ணாப் போகலாமேன்னு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன், அந்த நடுவர் சார்ட்டே சொல்லாதே. மாமா மந்திரீன்னு சொன்னாரோல்லியோ, அது காதுலே விழுந்ததும் கை தானாப் போயி க்வீனை எடுத்துடுத்து. நீ சொன்னது நெஜமாக்கும். அவர் யோசனையைக் கேட்டுத்தான் ஆடினேன். அதனாலேதான் குழியிலே விழுந்தேன்."

சொரிமுத்து இதை முழுவதும் கேட்டான். நாலு வாரத்தில் முதல்முறையாக அவன் சந்தேகம் ஒன்று நூற்றுக்கு நூறு சரி என்று எதிராளியின் வாயாலேயே வந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். சந்தேகப்பட்ட அந்த யோசனையே ஜெயிக்கக் கொடுத்த ஆட்டத்தை அதற்கடுத்த சந்தேகத்தால் விட்டிருக்கிறோம் என்பது, படி இறங்கிச் சாலைக்குள் பாதி தூரம் நனைந்துகொண்டே நடந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. அப்போதும், ஸ்ரீகண்டன் இதை ஏன் வலிய வந்து சொன்னான் என்ற கேள்வி பின்னாலேயே வந்தது.

அடுத்த மாதம் வருகை குறைந்தவர்களின் பட்டியல் கல்லூரிப் பலகையில் ஒட்டப்பட்டது. இங்கிலீஷ் அகர வரிசையில் அவன் பெயர் கடைசிக்கு முன்னால் இருந்தது. கிடைக்காது என்று தெரிந்தும் மன்னிப்பு விண்ணப்பம் ஒன்றை வாங்கி வராந்தாவில் உட்கார்ந்து நிரப்பினான். பெயர், வகுப்பு, எண். 'காரணம்' என்ற இடத்தில் முதலில் 'சதுரங்கம்' என்று எழுதினான். அது உண்மையில்லை என்று பட்டது. அடித்துவிட்டு 'சந்தேகம்' என்று எழுதினான்.

ஆபீஸ் ஜன்னலுக்குள் இருந்த வயசான குமாஸ்தா அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"சந்தேகம்னா? உடம்புக்கா, மனசுக்கா?"

"பொதுவா சார்."

"எதுவானாலும் டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும் மோனே. அதுவும் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. லிஸ்ட் யூனிவர்சிட்டிக்குப் போயாச்சு." விண்ணப்பத்தை மடித்து அவனிடமே நீட்டினார். "விஷமிக்காதே, வருத்தப்படாதே. ஜூன் மாசம் வா. அதே வகுப்பு, அதே பெஞ்சு. நான் ஞாபகம் வச்சு சேர்த்துத் தரேன், கேட்டோ."

சொரிமுத்து தாளை வாங்கிக்கொண்டான். ஜன்னலைவிட்டு நகரவில்லை. முன்பின் பழக்கமில்லாத மனுஷர், எத்தனையோ பேரைப் பார்க்கிறவர், நம்மை மட்டும் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

"சார், உங்க பேரு என்ன?" என்றான்.